ஞானஸ்நானம் எடுக்கப் போறேன், ஆனா "தேவ அன்பைப் பகிரணும்"னு சொல்றாங்களே, அது தினசரி வாழ்க்கையில எப்படிங்க?

கடைசிவரிசை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு சத்தமில்லாம போறவன் நான், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

நான் கிறிஸ்தவ குடும்பத்துல பொறக்கல. மொதல்ல சபைக்கு வந்தப்போ கடைசி வரிசையில உக்காந்துட்டு ஆசீர்வாதம் சொல்றதுக்குள்ள எழுந்து ஓடிருவேன், யாராவது வந்து கை குடுத்து பேர் கேட்டுருவாங்களோன்னு பயம். அப்புறம் மெதுவா பைபிள் ஸ்டடி, ஜெபக் கூட்டம்னு உள்ள வந்துட்டேன். இப்போ ஞானஸ்நானம் எடுக்கறதா முடிவு பண்ணி பாஸ்டர்கிட்டயும் சொல்லியாச்சு, ஆயத்த வகுப்பும் போயிட்டிருக்கு.

பிரச்சனை அந்த வகுப்புலதான். "எடுத்தப்புறம் தேவ அன்பை எப்படி மத்தவங்களோட பகிரப் போறீங்க"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாங்க. ஒருத்தர் கைப்பிரதி குடுக்கப் போறேன்னார், இன்னொரு தம்பி யூடியூப் சேனல் ஆரம்பிக்கறேன்னான், என் முறை வந்தப்போ எனக்கு வாயே வரல. நாலு பேர் முன்னாடி பேசற ஆள் இல்லைங்க நான். சாட்சி சொல்லணும்னு நினைச்சாலே உள்ளங்கை வேர்த்துரும்.

அதைவிட பெரிய விஷயம் வீட்ல. என் மனைவி விசுவாசி இல்ல. அவ எதிர்ப்பெல்லாம் சொல்லல, "நீ எடுத்துக்கோ, எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா அதுக்கப்புறம் நானும் உன் லிஸ்ட்ல ஒரு ஆளா ஆயிருவேனா?"ன்னு மட்டும் கேட்டா. அது என்னமோ உள்ள குத்திக்கிட்டே இருக்கு, என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல.

இன்னொண்ணு, எனக்கு கோபம் ஜாஸ்தி. ஆபீஸ்ல அடக்கிட்டு அதை அப்படியே வீட்டுக்கு கொண்டு வந்து கொட்டற டைப். தண்ணிக்குள்ள இறங்கி ஏறினா இது போயிருமா, இல்ல இது போனப்புறம்தான் இறங்கணுமா? பாஸ்டர்கிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. சிரிக்காதீங்க, இதுவும் சொல்லிடறேன், எங்க சபையில முழுகி எடுக்கறதுதான் வழக்கம், எனக்கு தண்ணின்னாலே கொஞ்சம் பயம்.

---

பழையபெஞ்ச் எழுதியது:

வாங்க பிரதர், முதல் பதிவே கனமா இருக்கு.

கடைசி கேள்வியிலிருந்து வர்றேன், ஏன்னா அதுதான் மத்ததுக்கெல்லாம் அடின்னு எனக்குத் தோணுது. கோபம் போனப்புறம் இறங்கணுமான்னு கேட்டீங்க. பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 16ஐ எடுத்து பிலிப்பி பட்டணத்து சிறைச்சாலைக்காரன் கதையை இன்னொரு தடவை மெதுவா படிங்க. நம்ம பிரசங்கங்கள்ல பூமி அதிர்ச்சியும் கதவு திறந்ததும்தான் பெருசா வரும், எனக்கு அதுக்கப்புறம் வர்ற ரெண்டு வசனம்தான் முக்கியம். இயேசுவைப் பத்தி பிரசங்கிச்ச பவுலையும் சீலாவையும் அடிச்சு இழுத்துட்டு வந்தப்போ அந்த ஆள்தான் அவங்களை உள்காவல் அறையில தள்ளி கால்ல தொழுமரம் (கைதி நகராம இருக்க மாட்டற கட்டை) மாட்டினவன். முதுகு கிழிஞ்சு ரத்தத்தோட இருந்ததை அவன் சாயங்காலமே பார்த்திருப்பான், அப்போ ஒரு துணி நனைச்சு துடைக்கணும்னு தோணல. நடுராத்திரிக்கு மேல அவனே தன்னைக் குத்திக்கப் போனப்போ உள்ளேருந்து பவுல் "உனக்குக் கெடுதி ஒண்ணும் செஞ்சுக்காதே, நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்"னு சத்தம் போடறாரு. ஓடிப் போக வழி இருந்தும் போகாம, தன்னைக் கட்டிவச்ச ஆளோட உயிரை நினைச்சு கத்தினாரு பாருங்க, அங்கதான் அவன் உடைஞ்சான்.

அடுத்து 33ம் வசனம். அந்த ராத்திரியிலேயே அவங்களைக் கூட்டிட்டுப் போய் காயங்களைக் கழுவறான், உடனே அவனும் வீட்டாரும் ஞானஸ்நானம் எடுக்கறாங்க. 34ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சாப்பாடு வைக்கறான். கழுவினது, முழுகினது, பந்தி வச்சது, மூணும் விடியறதுக்குள்ள! இதுல எங்க ஞானஸ்நானம் முடிஞ்சது, எங்க அன்பைப் பகிர்றது ஆரம்பிச்சதுன்னு நீங்களே பிரிச்சுக் காட்டுங்க பாக்கலாம். கி.பி. 400 வாக்குல கிறிசோஸ்தோம்னு ஒரு ஆயர் அப்போஸ்தலர் நடபடிகளுக்குக் குடுத்த பிரசங்கத்துல இதைத்தான் பிடிக்கறாரு, அவன் அவங்க அடிக்காயத்தைக் கழுவினான், அவன் பாவத்திலேருந்து கழுவப்பட்டான்னு.

அந்த ஆளுக்கு ஆயத்த வகுப்பு கிடையாது, கைப்பிரதி கிடையாது, சாட்சி சொல்ல மைக்கும் கிடையாது. தன் கையால புண்ணாக்கி வச்ச இடத்துக்குத்தான் தண்ணி எடுத்துட்டுப் போனான். அதனால "எப்படிப் பகிரப் போறேன்"னு உலகம் பூரா தேட வேண்டாம், உங்க கோபம் யார் மேல கொட்டுச்சோ அங்க ஆரம்பிங்க. அவ்ளோதான் நான் சொல்றது.

---

வெள்ளைப்புறா77 எழுதியது:

ப்ரைஸ் த லார்ட். ஞானஸ்நானம் என்பது கட்டளை சகோதரரே, தாமதிக்காதீர்கள். மாற்கு 16:16 தெளிவாக இருக்கிறது. ஆனால் மேலே எழுதியவர் சொல்வது போல அன்பு காட்டினால் மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று ரோமர் 10ல் பவுல் கேட்கிறாரே. உங்கள் மனைவி உங்கள் முதல் ஊழியக்களம். அவர்களிடம் தினமும் ஒரு வசனமாவது சொல்லுங்கள், வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். கூச்சம் என்பது சத்துருவின் தந்திரம்.

அதோடு குழந்தைப் பருவத்தில் தண்ணீர் தெளித்ததெல்லாம் ஞானஸ்நானம் அல்ல என்பதையும் இங்கே படிக்கிற மற்றவர்கள் கவனிக்கவும்.

---

மெழுகுதிரி எழுதியது:

@வெள்ளைப்புறா77 அண்ணா, அவர் கேக்காத கேள்விக்கு கடைசி வரியில பதில் சொல்லி ஒரு கல்லை எறிஞ்சிட்டுப் போயிட்டீங்களே :)

நான் கத்தோலிக்கப் பொண்ணு, கைக்குழந்தையில திருமுழுக்கு வாங்கினவ. இந்த சண்டை நேத்து இன்னிக்கு வந்தது இல்ல. கி.பி. 200 வாக்குல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் ஊர்ல இருந்த தெர்த்துல்லியன்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் சின்னப் பிள்ளைங்களுக்கு அவசரப்பட வேண்டாம், வளர்ந்து தெரிஞ்சுக்கட்டும்னு எழுதறாரு. அதுக்கு ஒரு ஐம்பது வருஷம் கழிச்சு அதே கார்த்தேஜ்ல ஆயர் சிப்ரியானும் கூட இருந்த ஆயர்களும், எட்டாம் நாள் வரைக்கும்கூட குழந்தையைக் காக்க வைக்க வேண்டாம்னு முடிவு சொல்றாங்க. 1525 ஜனவரியில சூரிச்ல கொன்ராட் கிரேபெல் ஒரு வீட்டுக்குள்ள வச்சு ஜார்ஜ் பிளவ்ராக்குக்கு வயசு வந்தப்புறம் ஞானஸ்நானம் குடுத்தாரு, ரெண்டு வருஷத்துல அவங்க கூட்டத்து ஃபெலிக்ஸ் மான்ஸை அதே ஊர் ஆத்துல முக்கிக் கொன்னாங்க. கொன்னது புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் பேசின ஊர் நிர்வாகம்தான். அன்போட அடையாளமான தண்ணியை வச்சே ஒரு மனுஷனைக் கொன்ன கேவலமும் நம்ம எல்லாரோட சரித்திரத்துலயும் இருக்கு, அதனால இந்த டாபிக்ல குரல் உசத்தறதுக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாம். 1982ல லிமாவுல பல சபைக்காரங்க சேர்ந்து எழுதின அறிக்கையும் ஞானஸ்நானம் ஒருக்காத்தான், மறுபடி குடுக்கற மாதிரி எதுவும் செய்யாதீங்கன்னுதான் கேட்டுக்குது, எல்லா சபையும் அதை ஏத்துக்கல, அது வேற கதை.

சரி, கேள்விக்கு வர்றேன். கைக்குழந்தையா வாங்கினதால எனக்கு ஒண்ணு மட்டும் நல்லாப் புரிஞ்சது, நான் ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடியே, ஒரு நல்ல காரியம் செய்யறதுக்கு முன்னாடியே என்மேல பிரியம் வச்சாச்சு. நீங்க பெரியவரா எடுத்தாலும் விஷயம் அதேதான். யோர்தான்ல இயேசு தண்ணியவிட்டு ஏறினப்போ "இவர் என்னுடைய நேசகுமாரன்"னு சத்தம் கேட்டுச்சுல்ல, அப்போ அவர் ஒரு பிரசங்கமும் பண்ணல, ஒரு வியாதிக்காரரையும் குணமாக்கல. எல்லாம் அதுக்கப்புறம்தான். அதனால உங்க வகுப்புல கேட்ட கேள்விக்கு, பகிர்றதுக்கு முன்னாடி வாங்கிக்கணும்னே பதில் சொல்லலாம். நீங்க மட்டும் இன்னும் பரீட்சைக்குப் போற ஆள் மாதிரி எழுதியிருக்கீங்க.

---

ராத்திரிடியூட்டி எழுதியது:

நான் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. தேவ அன்பைப் பகிர்றேன்னு வார்டுக்கு வர்ற எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், அதனால இதை எழுதியே ஆகணும்.

ஒரு தடவை ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சும் தெளியாம இருந்த ஒரு அம்மா பக்கத்துல ஒரு குழு வந்து நின்னு, அவங்களைக் கேக்கல, வீட்டு ஆளுங்களைக் கேக்கல, நெத்தியில கைய வச்சு சத்தமா ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. அந்தம்மா கண்ணைத் திறந்து மிரண்டு போய் என் கையத் தேடினாங்க. ஜெபிச்சவங்க மனசுல கெட்ட எண்ணம் இருந்திருக்காது, எனக்கும் ஜெபத்துல நம்பிக்கை உண்டு. ஆனா அந்த நிமிஷம் அந்தம்மா அவங்களுக்கு ஆளாத் தெரியல, இன்னிக்கு முடிக்க வேண்டிய வேலையாத் தெரிஞ்சாங்க. அதைத்தான் உங்க மனைவி "லிஸ்ட்"னு சொன்னது. கரெக்டான வார்த்தை போட்டுருக்காங்க.

அதே வார்டுல இன்னொருத்தரும் வருவாரு, ரிட்டையர் ஆனவர். ஒருத்தரும் பாக்க வராத நோயாளி யாருன்னு எங்ககிட்ட கேட்டு, சரின்னு அவங்க சொன்னா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருவாரு. ஒரு தாத்தாவுக்கு கை நடுக்கம், நகம் வளர்ந்து வளைஞ்சு கிடக்கும், இவர் ஒரு கிண்ணத்துல வெந்நீர் கேட்டு வாங்கி நகத்தை ஊற வச்சு ஒவ்வொண்ணா வெட்டி விடுவாரு, வெட்டின துணுக்கைப் பேப்பர்ல மடிச்சு தானே கொண்டு போய்ப் போடுவாரு. பேச்சு கம்மி. "நீங்க யாரு, எதுக்கு இதெல்லாம் பண்றீங்க"ன்னு அந்தத் தாத்தாவா கேட்டப்புறம்தான் இவர் இயேசு பேரைச் சொன்னாரு, அதுவும் ரெண்டே வார்த்தை, மறுபடி நகம் வெட்டப் போயிட்டாரு.

வாயைத் திறந்து சொல்லணும்னு அண்ணன் சொன்னாரே, சொல்லணும்தான், நான் மறுக்கல. ஆனா 1 பேதுரு 3:15ஐப் பாருங்க, உங்க நம்பிக்கையைப் பத்தி "விசாரித்துக் கேட்கிற" யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமா இருங்கன்னு இருக்கு. கேக்கறதுக்கு ஒரு காரணம் அவங்க கண்ணுல படணும்ல? அதே அதிகாரம் ஆரம்பத்துல, வசனத்துக்குக் கீழ்ப்படியாத புருஷனை மனைவி போதனையில்லாம நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம்னு பேதுரு எழுதறாரு. மனைவிகளுக்குச் சொன்னதுதான், ஆனா புருஷனுக்கு மட்டும் டெய்லி வாட்ஸ்அப் ஃபார்வர்ட் பண்ண லைசென்ஸ் இருக்குன்னு எனக்குத் தோணல.

---

ஆத்தோரம் எழுதியது:

அசிசி பிரான்சிஸ் சொன்ன மாதிரி எப்போதும் நற்செய்தி சொல்லு, தேவைப்பட்டா மட்டும் வார்த்தையைப் பயன்படுத்து!! சூப்பர் சிஸ்டர்.

---

பழையபெஞ்ச் எழுதியது:

@ஆத்தோரம் அது அவர் சொன்னதா எந்தப் பழைய பதிவுலயும் இல்ல பிரதர், பின்னாடி யாரோ அவர் தலையில கட்டினது. மனுஷன் ஊர் ஊராப் போய் வாய் ஓயாம பிரசங்கம் பண்ணினவரு. தன் சகோதரர்களுக்கு எழுதின முதல் ஒழுங்குமுறையில எல்லாரும் செயலால பிரசங்கிக்கட்டும்னு எழுதியிருக்காரு, அது நிஜம். அதை ஷேர் பண்ணுங்க.

@வெள்ளைப்புறா77 உங்க ஆர்வம் புரியுது. ஆனா கூச்சமெல்லாம் சத்துருவோட தந்திரம்னு சொல்லாதீங்க, சில பேர் சுபாவமே அமைதி. பவுலே எழுதறாரு பாருங்க, 1 கொரிந்தியர் 1ல, கிறிஸ்பு, காயு, ஸ்தேவான் வீட்டாரைத் தவிர கொரிந்துல வேற யாருக்கும் நான் ஞானஸ்நானம் குடுத்ததா ஞாபகம் இல்லன்னு. எண்ணிக்கை வச்சிருக்கற ஆள் எழுதற எழுத்தா அது? இதுல இன்னொரு விஷயம் பல பேர் கவனிக்கறது இல்ல, அதே ஸ்தேவான் வீட்டார் 16ம் அதிகாரத்துல மறுபடி வர்றாங்க. அங்க என்ன போட்டுருக்கு? பரிசுத்தவான்களுக்கு ஊழியம் செய்யத் தங்களை ஒப்புவிச்சிருக்காங்கன்னு. பிரசங்கிகளா ஆனாங்கன்னு இல்ல, ஒத்தாசை பண்ற வீடா ஆனாங்க. பவுல் தன் கையால முழுக்கு குடுத்த கொஞ்ச பேர்ல ஒரு குடும்பம் இப்படித்தான் அன்பைப் பகிர்ந்துச்சு.

---

வெள்ளைப்புறா77 எழுதியது:

சிப்ரியான், பிரான்சிஸ் எல்லாம் வேதம் அல்ல. ஆனால் ஸ்தேவான் வீட்டார் காரியம் நல்ல குறிப்பு, 16ம் அதிகாரத்தோடு நான் சேர்த்துப் பார்த்ததில்லை. நர்ஸ் சகோதரி சொன்ன கேட்காமல் ஜெபிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மற்றபடி தெளிப்பு விஷயத்தில் என் நிலை அதேதான்.

---

மெழுகுதிரி எழுதியது:

ஹாஹா அதுல நானும் அதே இடத்துலதான் நிக்கறேன் அண்ணா, கவலைப்படாதீங்க.

கோபம் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். மேல சொன்ன அதே சிப்ரியான், அவரும் பெரியவரா ஆனப்புறம்தான் ஞானஸ்நானம் எடுத்தாரு, 246 வாக்குல. பணக்காரர், பேச்சுக்கலை வாத்தியார், நல்ல துணி நல்ல விருந்துன்னு பழகினவர். தொனாத்துன்னு ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்துல, இத்தனை வருஷம் உடம்போட ஊறிப் போன பழக்கமெல்லாம் ஒரே நாள்ல எப்படி உதிரும், மனுஷன் மறுபடி பொறக்கறதாவதுன்னு ஞானஸ்நானத்துக்கு முன்னாடி தான் நம்பாமலே இருந்ததை அவரே ஒளிக்காம சொல்றாரு. உங்க கேள்வியை 1700 வருஷம் முன்னாடியே கேட்டாச்சு! அதே ஆளு கொஞ்ச வருஷத்துல ஆயரா ஆகி, கார்த்தேஜ்ல கொள்ளை நோய் வந்து வீட்டு ஆளுங்களையே ஜனம் வெளியில தள்ளிட்டு ஓடினப்போ, நம்ம ஆளுங்களை மட்டும் பாத்துக்கறதுல ஒரு பெருமையும் இல்ல, நம்மைத் துன்பப்படுத்தினவங்களையும் பாத்துக்கணும்னு சொல்லி சபையை எழுப்பினாருன்னு அவர் வரலாறு எழுதின பொந்தியு சொல்றாரு. மாற்றம் வந்துச்சு. ஆனா தண்ணியவிட்டு ஏறின அந்த நொடியே முழுசா வந்துச்சான்னா, அவர் வாழ்க்கையைப் படிச்சா அப்படித் தோணல, பின்னாடியும் பல விஷயத்துல முரண்டு பிடிச்ச ஆளுதான்.

மார்ட்டின் லூத்தர் 1529ல எழுதின சின்ன ஞானோபதேசம்ங்கற கேள்வி பதில் புத்தகத்துல (எங்காளு இல்ல, புராட்டஸ்டன்ட், இருந்தாலும் சொல்றேன்) நமக்குள்ள இருக்கற பழைய ஆதாமை, அதாவது பாவ சுபாவத்தை, தினசரி மனஸ்தாபத்தால முக்கிச் சாகடிக்கணும், தினமும் புது மனுஷன் எழும்பணும், ஞானஸ்நானத்துக்கு அர்த்தம் அதுதான்னு சொல்றாரு. தினசரி. ஒரு நாள் சடங்கோட கணக்கு தீர்ந்துச்சுன்னு யாரும் உங்ககிட்ட சொல்லல.

---

ராத்திரிடியூட்டி எழுதியது:

சிப்ரியான் மாறினதுக்கு நேர் எதிர் உதாரணமும் அப்போஸ்தலர் 8லயே இருக்கே. மாயவித்தைக்கார சீமோன், விசுவாசிச்சான், ஞானஸ்நானமும் எடுத்தான், பிலிப்பு கூடவே சுத்தினான். கொஞ்ச நாள்ல பேதுருகிட்ட பணத்தை நீட்டி அந்த வரத்தை எனக்கும் குடுங்கன்னு கேக்கறான். தண்ணி தன்னால ஆளை மாத்திரும்னா அவனுக்கு மாறியிருக்கணுமே. அவனும் அன்பால கேக்கல, ஆள் மேல அதிகாரம் வேணும்னு கேட்டான். அன்பைப் பகிர்றேன்ங்கற பேர்ல நமக்குள்ள அந்த ஆசை எட்டிப் பாக்குதான்னு நான் அடிக்கடி என்னையே கேட்டுக்குவேன்.

---

கடைசிவரிசை எழுதியது:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. எல்லாருக்கும் தேங்க்ஸ்ங்க, சண்டை போட்டவங்களுக்கும் சேர்த்து.

அந்த சிறைச்சாலைக்காரன் பகுதியை நேத்து மறுபடி படிச்சேன். காயம் கழுவினதை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், ஒரு தடவைகூட அங்க நின்னதில்ல. மனைவிகிட்ட பேசினேன். "நீ லிஸ்ட்ல இல்ல, வசனம் அனுப்பிட்டு இருக்க மாட்டேன், நீயா கேட்டா ஒளிக்காம சொல்லுவேன், கோபத்துக்கு ஆலோசகர்கிட்டயும் போகப் போறேன், நான் கத்த ஆரம்பிச்சா நீ எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிரு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்"னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் என்னைப் பாத்துட்டு "பாக்கலாம்"னா. அவ்ளோதான். நம்பிட்டாளான்னு தெரியல, நம்பாம இருக்கவும் அவளுக்குக் காரணம் இருக்கு.

வகுப்புல என்ன பதில் சொல்றதுன்னு மட்டும் இன்னும் யோசிச்சிட்டே இருக்கேன்.

---

பழையபெஞ்ச் எழுதியது:

இதையே சொல்லுங்க! வீட்ல கத்தறதை நிறுத்தப் போறேன்னு. கைப்பிரதி குடுக்கறதைவிட கஷ்டமான வேலை அது.

இன்னும் ஏதாவது வேணும்னா, ஹிப்பொலித்துங்கற ஆதி சபைத் தலைவர் எழுதினதா சொல்லப்படற பழைய சபை ஒழுங்குல ஒரு பகுதி இருக்கு, அப்போ ஞானஸ்நானத்துக்கு முன்னாடி மூணு வருஷம் உபதேசம் கேக்கணும், ஆள் நல்லாயிருந்தா காலத்தைப் பாக்காம நடக்கையைப் பாத்து முன்னாடியே எடுக்கலாம். கடைசியில தேர்ந்தெடுக்கறப்போ என்ன விசாரிச்சாங்க தெரியுமா? விதவைகளை மதிச்சானா, வியாதிக்காரரைப் போய்ப் பாத்தானா, நல்ல காரியம் எல்லாம் செஞ்சானான்னு, அதுவும் கூட்டிட்டு வந்தவங்க சாட்சி சொல்லணும். இவன் எத்தனை பேர்கிட்ட பேசினான்னு அந்தக் கேள்வியில இல்ல. கி.பி. 155 வாக்குல ஜஸ்டின்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் ரோமாபுரியிலேருந்து எழுதினதும் அதே மாதிரிதான், புதுசா முழுக்கு எடுத்தவங்களை நேரா சகோதரர்கள் கூடியிருக்கற இடத்துக்குக் கூட்டிட்டு வந்து சேர்ந்து ஜெபிச்சு முத்தம் குடுத்து அப்பத்துல பங்கு குடுக்கறாங்க, கொஞ்சம் தள்ளிப் படிச்சா ஞாயித்துக்கிழமை காணிக்கை அநாதைக்கும் விதவைக்கும் நோயாளிக்கும் ஜெயில்ல இருக்கறவங்களுக்கும் வழிப்போக்கருக்கும் போகுதுன்னு இருக்கு. வர முடியாதவங்க வீட்டுக்கு உதவிக்காரர்களே அப்பத்தைக் கொண்டு போய்க் குடுக்கறாங்க. அந்த மாதிரி ஒரு வேலை உங்க சபையிலயும் கட்டாயம் இருக்கும், யாராவது வயசானவங்களை ஆராதனைக்குக் கூட்டிட்டு வரணும், திரும்ப விடணும், மைக் தேவைப்படாத வேலை. கேட்டுப் பாருங்க.

---

கடைசிவரிசை எழுதியது:

அது என்னால முடியும். வண்டி ஓட்டத் தெரியும் :)

தண்ணி பயத்துக்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லல.

---

படித்துறை எழுதியது:

இதுக்கு நான் வர்றேன். எங்க சபையில ஞானஸ்நான ஆராதனைக்கு தண்ணிக்குள்ள பாஸ்டர் பக்கத்துல நிக்கற ஆள் நான், உங்களை மாதிரி பயந்தவங்க நிறைய பேரைப் பாத்தாச்சு.

மொதல்ல ஒண்ணு, பயம் ரொம்ப இருந்தா பாஸ்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. தண்ணி நிறைய இல்லாத இடத்துக்கு தலையில மூணு தடவை ஊத்தினாப் போதும்னு திதகேன்னு சொல்ற ஆதி சபை நூல்லயே வழி எழுதி வச்சிருக்காங்க, ஓடற தண்ணி இல்லன்னா வேற தண்ணி, பச்சைத் தண்ணி முடியலன்னா வெந்நீர்னு அவ்ளோ கரிசனமா இருக்கும். (வெள்ளைப்புறா அண்ணன் வர்றதுக்குள்ள சொல்லிடறேன், நானும் முழுக்குக் கட்சிதான்.) உங்க சபையில முழுகறதுதான் முறைன்னா அதுவும் பயப்படற அளவுக்கு இல்ல.

தண்ணி இடுப்பளவு இல்ல கொஞ்சம் மேலதான் இருக்கும். இறங்கினதும் ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க, உடம்பு அந்தக் குளிருக்குப் பழகட்டும், அவசரப்படுத்தினா ஒரு நிமிஷம்னு கையக் காட்டுங்க. ரெண்டு கையையும் நெஞ்சுல கோர்த்து வைக்கச் சொல்லுவாங்க, ஒரு கையால கைக்குட்டை வச்சு மூக்கைப் பிடிச்சுக்கலாம், பல பேர் அப்படித்தான் பண்றாங்க. பாஸ்டரோட ஒரு கை உங்க முதுகுல, இன்னொண்ணு உங்க கை மேல இருக்கும். பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்ல ஆரம்பிக்கறப்போ மூச்சை இழுத்துக்கோங்க. பயந்தவங்க எல்லாரும் பண்ற காரியம் காலை விறைப்பா வச்சுக்கிட்டு இடுப்பை ஒடிக்கறது, அப்படிப் பண்ணினா பாரம் பூரா எங்க கையில வந்துரும், கால் மேல வரும், தண்ணி மூக்குல ஏறும். முழங்காலை மடக்குங்க, பின்னாடி சாய்ஞ்சு உக்கார்ற மாதிரி. மடக்கினீங்கன்னா தலை தன்னால உள்ள போயிரும், ஏறும்போதும் காலை ஊனி நீங்களே எழுந்துரலாம். உள்ள இருக்கறது ரெண்டு செகண்ட்கூட இருக்காது.

வெள்ளை அங்கி குடுத்தா உள்ள கெட்டியான டார்க் கலர் துணி போட்டுக்கோங்க, நனைஞ்சா எல்லாம் தெரியும், இதை யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. கண்ணாடி, வாட்ச், ஃபோன் எல்லாம் கரையில யார்கிட்டயாவது குடுத்துருங்க.

---

கடைசிவரிசை எழுதியது:

கான்டாக்ட் லென்ஸ்?

---

படித்துறை எழுதியது:

கழட்டிருங்க. படியேறும்போது சரியாத் தெரியாது, அதனால கைப்பிடி எந்தப் பக்கம் இருக்குன்னு இறங்கறப்பவே பாத்து வச்சுக்கோங்க. டவல் ரெண்டு எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு போதாது.